மீன்பல்லியின் உணவுப் பழக்கம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அந்த மிருகத்தின் வயிற்றுக்குள் நான் வேலைக்காகத்தான் போனேன். அது என்னைச் சாப்பிடவில்லை. தொன்மைக் கடலுயிர்த் தோற்ற நிர்ணயக் குழுவின் நாற்பத்தோராம் தீர்மானம் வேறு மாதிரி சொல்கிறது. அது எப்படி வந்தது என்பதை வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஹுமாயூன். குடியிருப்பது தண்டையார்பேட்டை. தொழில், காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுவது. கூட்டாளி ஜெயவேல். பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே கொட்டகையில் ரெசின் பசை நாற்றத்தில் நிற்கிறோம்.

எண்ணூர் கழிமுகத்தை ஆழப்படுத்தியபோது சேற்றோடு ஒரு எலும்பு வந்தது. பிரியாணி தேக்சா மூடி அளவுக்கு வட்டமாக, நடுவில் குழிந்து இருந்தது. கல்லூரியில் தொல்லுயிரியல் சொல்லித் தருகிற டாக்டர் ஹில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பல கோடி வருஷத்துக்கு முன்பு கடலில் வாழ்ந்த மீன்பல்லியின் முதுகெலும்பு என்றார். உடம்பு மீன் மாதிரி, ஆனால் மீன் இல்லை; ஊர்வன இனம், ஆனால் ஊர்ந்ததில்லை.

"மத்த எலும்பும் கிடைக்கிற வரைக்கும் இது எப்படி இருந்திருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது" என்றும் சொன்னார்.

உறுதியாகச் சொல்ல முடியாததை உறுதியாகச் சொல்வதற்காக மரபுப் பூங்கா ஆணையம் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. தலைவர் கிருஷ்ணப்பன், ஒரு பதிவறையில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஹில்டா மேடமும் உறுப்பினர். குழு சொல்கிற தோற்றத்தை ஃபைபரில் செய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. அதனால் எட்டுக் கூட்டத்துக்கும் நானும் ஜெயவேலும் கதவருகே நின்றோம்.

மிருகத்தின் நீளம் ஐம்பத்தெட்டு அடி என்று முதல் கூட்டத்தில் முடிவானது. எண்ணூரில் கட்டிய பூங்காவின் மதிலுக்குள் அவ்வளவுதான் இடம். இதுவே எழுபது அடி வரை இருந்திருக்கலாம் என்று ஹில்டா மேடம் சொன்னபோது, "அந்தக் காலத்தில் மதில் இல்லை. இப்போது இருக்கிறது. நாம் நிகழ்காலத்தில் வாழ வேண்டும்" என்றார் தலைவர்.

நிறத்துக்கு மட்டும் மூன்று கூட்டம். பச்சை வேண்டாம் என்றார் ஒருவர். சிவப்பு வேண்டாம், கறுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வரவே வேண்டாம், காவி வேண்டாம், நீலம் வேண்டாம், மஞ்சளிலும் ஒரு கட்சி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் சாம்பல் நிறம் ஏகமனதாக நிறைவேறியது. எண்ணூரில் எதை வெளியே வைத்தாலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ரெண்டே நாளில் அந்த நிறம் தானாக வந்துவிடும். அதை நாங்கள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

முகபாவம் ஏழாம் கூட்டத்தில் வந்தது. குழந்தைகள் பயப்படக் கூடாது, பெரியவர்கள் மதிக்க வேண்டும். ஆகவே வாய் மூடிய புன்னகை. ஆனால் பற்கள் தெரிய வேண்டும். அதைச் செய்வதற்கு ஜெயவேல் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் பழகிப் பார்த்தான். அவன் மனைவி பயந்துபோய் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி, மாட்டிக்கொண்ட விஷயம்.

பெரிய உருவங்களை இரண்டு பாதியாக வார்த்து, பிறகு நிற்க வேண்டிய இடத்திலேயே ஒட்டுவோம்; இதைப் பூங்காவில் ஒட்டினோம். ஒட்டின இடத்துக்கு உள்பக்கமும் ஃபைபர் பாய், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, வைத்து ரெசின் பூச வேண்டும். அதற்காக வயிற்றில் ஒரு ஆள் நுழையும் ஓட்டை விட்டிருப்போம். ஒருவர் உள்ளே போய் முடித்து வெளியே வந்ததும், மற்றவர் மூடி போட்டு மேலே பூசிவிடுவார். இருபது நிமிஷத்தில் இறுகிவிடும். பிறகு அங்கே ஓட்டை இருந்தது என்று செய்தவனுக்கே தெரியாது.

மிருகத்தை ஒப்படைக்கிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன குழு பன்னிரண்டரைக்கே வந்துவிட்டது. ஜெயவேல் பதறி, மூடியைப் போட்டுப் பூசிவிட்டான். நான் உள்ளே வால் பக்கத்தில் கடைசிப் பாயை வைத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தால் வெளிச்சம் வந்த இடத்தில் சுவர்.

பற்களின் இடுக்கு வழியாகக் கத்தினேன்.

"பாய்! நீ உள்ளயா கீற?" ஜெயவேலின் கண் ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவில் தெரிந்தது. "நீ ஜும்மா தொழுவப் பூட்டன்னு நெனச்சிக்கினு மூடிட்டேனே!"

"ஒரு பாய்தான் பாக்கி இருந்துச்சு. முடிச்சிட்டு ஓடலாம்னு இருந்தேன்."

"பத்தொம்போது வருஷத்துல ஒரு வெள்ளிக்கெழமையாச்சும் லேட்டா போயிருக்கியா? உன்ன வெச்சித்தான நான் மணியே பாப்பேன்! இன்னிக்கின்னு பாத்து உனக்கு இன்னா பாய் வேலை மேல அவ்ளோ ஆசை? இரு, அறுக்குற கிரைண்டர் எட்தாறேன்."

அவன் எடுத்து வருவதற்குள் தலைவர் ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். காகித முத்திரையும் ஒட்டியாயிற்று. மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்:

"இந்த உயிரினம் எப்படி இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத ஒன்றை நாம் ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம். தெரிந்ததை முடிவு செய்ய அறிவு போதும். தெரியாததை முடிவு செய்யத்தான் குழு வேண்டும்."

கைதட்டினார்கள். நானும் உள்ளே தட்டினேன், இரண்டு கையாலும், சுவரில்.

"யார் இதற்குச் சத்தம் வைக்கச் சொன்னது? ஒப்பந்தத்தில் சத்தம் இல்லையே" என்றார் தலைவர்.

ஜெயவேல் விஷயத்தைச் சொன்னான். சொல்லிக்கொண்டே கிரைண்டரை வயிற்றருகே கொண்டுபோனான். இரண்டு காவலர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். மிருகம் இப்போது ஆணையத்தின் உடைமை. அதில் ஓட்டை போடுவது தோற்றத்தை மாற்றுவது. தோற்ற மாற்றத்துக்குக் குழு கூட வேண்டும். கூட ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கிரைண்டருக்கு ரசீது கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"நான் எண்பத்தாறிலிருந்து விதியை மீறியதில்லை. ஒரு ஆளுக்காக ஆரம்பித்தால் நாளைக்கு எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள்" என்றார் தலைவர்.

எனக்கு ஏழு நாள் கிடையாது. என் மகள் ஆஃபியாவுக்கு அது நிறைமாதம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுடைய முதல் பிரசவத்தின்போது நான் நாகப்பட்டினத்தில் படகு வேலையில் இருந்தேன். குழந்தை தங்கவில்லை. அடக்கத்துக்குக் கூட நான் வந்து சேரவில்லை; அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீ கதவாண்ட நின்னிருந்தீன்னா எனக்கு தைரியமா இருந்திருக்கும் அத்தா." அடுத்த முறை நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை மஸ்கட்டில்.

ஆகவே கடிதம் எழுதினேன். நான் படித்த மேல்விஷாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் என்று கற்றுத் தந்திருந்தார்கள். அனுப்புநர், மீன்பல்லியின் வயிறு. பொருள், வெளியே வர அனுமதி கோருதல். சுருட்டிப் பல்லிடுக்கில் நீட்டினேன். அரை மணியில் பதில் வந்தது: மனுதாரர் நேரில் வர வேண்டும். நேரில் வர முடியாத நிலையை விளக்கி இரண்டாவது எழுதினேன். நேரில் வர முடியாததை நேரில் வந்து விளக்கவும் என்று அதற்கும் பதில் வந்தது.

அன்று மாலையே ஷாமியானாவின் கீழ் குழு உட்கார்ந்தது. நான் வெளியே வருவது பற்றி அல்ல. அதற்கு முன்னறிவிப்பு இல்லை. ஒப்படைப்புப் பதிவேட்டில் 'மிருகம் ஒன்று, வெற்று' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆள் இருந்தால் அது வெற்று ஆகாது. பதிவேடு தவறாக இருக்க முடியாது. எனவே பதிவேட்டுக்குப் பிறகு மிருகம் என்னைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று தலைவர் விளக்கினார்.

"சார், இந்த இனம் அழிஞ்சு ஒன்பது கோடி வருஷம் கழிச்சுத்தான் மனுஷனே வந்தான்" என்றார் ஹில்டா மேடம்.

"அது உங்கள் கருத்து. மாற்றுக் கருத்தாகப் பதிவு செய்கிறேன்."

ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் நாற்பத்தோராம் தீர்மானம் நிறைவேறியது. மீன்பல்லியின் உணவு மனிதன். பலகை எழுதி வாய்க்கு முன்னால் நட்டார்கள்.

மனைவி அஜீசாவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"மீன் வயித்துல இருந்த நபிய, அல்லா சொன்னதும் மீனு கக்கிடுச்சி. இது கவர்மெண்டு மீனாச்சே. யாரு சொன்னா கக்கும்?" என்று அழுதாள்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை, ஆனால் பூங்காவைச் சோதனைக்காகத் திறந்துவிட்டார்கள். உள்ளே வெந்நீர்ப் பானை மாதிரி சூடு. கண்ணாடி நார் உடம்பெல்லாம் அரித்தது. ஜெயவேல் பல்லிடுக்கில் இட்லியைத் தட்டையாக்கி அனுப்பினான்; சாம்பாரைப் பையில் கட்டி ஒரு சின்னக் குழாய் வழியாக விட்டான். மற்ற அவசரங்களுக்குக் கண்குழி ஓட்டை வழியாக ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பம் பலகையைப் படித்தது.

"அம்மா, வெரலு அசையிது!" என்றது குழந்தை.

"கரெண்டுல ஆடுது கண்ணு."

"கரெண்டு இல்லம்மா, நான் மனுஷன். என் பொண்ணுக்கு இது பிரசவ நேரம். யாருக்காச்சும் சொல்லுங்க" என்றேன்.

"பேசவும் செய்யிது பாத்தியா! எவ்ளோ தத்ரூபமா கீது!" என்று சொல்லி ஒரு கை சுண்டலை உள்ளே போட்டுவிட்டுப் போனார்கள்.

மாலைக்குள் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. தலைவர் விடுமுறையிலும் குடும்பத்தோடு வந்து பார்த்தார். பிறகு எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மீன்பல்லி என்ன மொழி பேசியது என்பதைக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரை உள்ளிருப்பவர் தமிழில் பேசக் கூடாது, முனகலாம்.

ஜெயவேல் போலீஸைக் கூட்டிவந்தான். வந்த கான்ஸ்டபிள் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொலைன்னா சொல்லு, வர்றேன். சீல் வெச்சதத் தொடச் சொல்லாத மாமு. எனக்கு ரெண்டு கொழந்தைங்க கீது."

ஞாயிறு சாயங்காலம் ஆஃபியாவை ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. வேலை முடிகிற கட்டத்தில் இருக்கிறது என்றேன். "போன வாட்டியும் இதத்தான சொன்ன அத்தா" என்றாள். அத்தோடு துண்டித்துவிட்டாள். நான் ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.

திங்கட்கிழமை திறப்பு விழா. காலை ஒன்பதுக்கு நாதஸ்வரம் கேட்டது. அதே நேரத்தில் அஜீசாவின் ஃபோன்.

"வலி வந்துட்ச்சி. உள்ள போவ மாட்டேன்னு கட்டில் கம்பியப் புட்ச்சிக்கினு கீறா. அத்தா வரட்டும் அத்தா வரட்டும்னு ஒரே சத்தம். டாக்டரம்மா திட்றாங்க. நீங்க எப்ப வருவீங்க?"

"குழு வெள்ளிக்கிழமைதான் கூடும். முன்னறிவிப்பு..."

"இன்னா முன்னறிவிப்பு? இங்க ஒரு புள்ள வெளிய வரப் போவுது. அதுக்கு எந்தக் குழு கூடிச்சி? எவன் கையெழுத்து போட்டான்? வர வேண்டிய நேரம் வந்துட்ச்சி, வருது. அவ்ளோதான்!"

ஃபோனை வைத்துவிட்டாள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். பிறகு கண்குழிப் பக்கம் ஏறினேன். கண்கள் இன்னும் பொருத்தப்படவில்லை. முஷ்டி நுழைகிற அளவு ஓட்டை. கீழே ஹில்டா மேடம் தனியாக நின்றிருந்தார்.

"மேடம், இது முட்டை போடுமா, குட்டி போடுமா?"

அவர் மேலே பார்த்தார். "குட்டிதான். கடலுக்குள்ளயே. வயித்துல குட்டியோட கல்லாப் போன தாய் கிடைச்சிருக்கு. பாதி வெளிய வந்த குட்டியோட கூட கிடைச்சிருக்கு."

"அப்ப நாங்க செஞ்சதுல அந்த வழி விட்டுப்போச்சே."

எட்டுக் கூட்டத்திலும் நான் கேட்காத அவருடைய சிரிப்பை அன்றைக்குக் கேட்டேன். நேராக மேடைக்குப் போனார். தோற்றத்தை மாற்றத்தான் ஏழு நாள் வேண்டும். விடுபட்டதைச் சேர்க்க முன்னறிவிப்பே தேவையில்லை. தலைவர் எழுதிய விதியைத் தலைவரிடமே படித்துக் காட்டினார்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"மூணாவது கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்தேன் சார். நாகரிகமா இல்லைன்னு குறிப்புல சேர்க்க வேண்டாம்னீங்க."

தலைவர் யோசித்தார். முகத்தில் மெதுவாக ஒரு ஒளி வந்தது.

"தாயும் சேயும்! ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு உருவம். இதைக் குழுவின் தொலைநோக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்."

நாற்பத்திரண்டாம் தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. அதன்படி நான் உணவிலிருந்து குட்டியாக உயர்த்தப்பட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. மீன்பல்லிக் குட்டிகள் பெரும்பாலும் வால் முதலில் வரும் என்பது ஆதாரம். ஆகவே கால் முதலில் வர வேண்டும்.

ஜெயவேலுக்குக் கிரைண்டர் திரும்பக் கிடைத்தது. தூசி பறந்தது.

"காலு முன்னாடி பாய்! தலை மொதல்ல வந்தா திருப்பி உள்ள அனுப்பிடுவானுங்க!" என்று கத்தினான்.

கால் வந்தது, இடுப்பு வந்தது, கடைசியாகத் தலை. கைதட்டல். நாதஸ்வரம். விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் என் தோளில் ஒரு மாலையைப் போட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்தார்.

"குட்டிக்குத் தாடி இருந்திருக்குமா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"அதுல கருத்து வேறுபாடு இருக்கு" என்றார் ஹில்டா மேடம்.

நான் கேட்டை நோக்கி ஓடினேன். காவலர் குறுக்கே கம்பை நீட்டினார்.

"இன்னா பொருளு? குட்டியா? குட்டிக்கு வெளிய போற சீட்டு கீதா?"

தலைவர் பின்னாலேயே வந்துவிட்டார். "பதிவேட்டில் இப்போது 'தாய் ஒன்று, குட்டி ஒன்று' என்று இருக்கிறது. காலை பத்து முதல் மாலை ஆறு வரை குட்டி தாயின் பக்கத்தில் இருக்க வேண்டும். செவ்வாய் விடுமுறை. உங்களுக்கு என்ன குறை? உள்ளே இருட்டாக இருந்தது. இங்கே வெளிச்சமாக இருக்கிறது."

மூன்று நாள் வயிற்றுக்குள் இருந்தபோது வராத அழுகை அங்கே வந்தது. ஃபோன் மறுபடி அடித்தது. எடுக்கத் தைரியம் இல்லை.

"சார்," என்றார் ஹில்டா மேடம், மூச்சு வாங்க ஓடி வந்து. "அறிவியலுக்கு ஒத்து வராத காட்சி கூடாதுன்னு முதல் விதி. இந்தக் குட்டிங்க பிறந்த பிறகு தாயோட தங்கினதா ஆதாரமே இல்லை. பிறந்த உடனே தானா நீந்திப் போயிடும்."

விதி என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் நின்றார். அவரும் மாட்டிக்கொண்டவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவருக்கு ஓட்டை போட யாரும் இல்லை.

"நீந்தித்தானே?" என்றார். "அப்படியென்றால் கேட் வழியாகப் போகக் கூடாது. தண்ணீர் வழியாகப் போகலாம்."

பூங்காவின் பின்பக்கம் கழிமுகம். மாலையோடு குதித்தேன். நீந்த முடியவில்லை, சாம்பல் படிந்து படிந்து இடுப்பளவுதான் ஆழம். கரையிலிருந்து குழு பார்த்துக்கொண்டிருந்ததால் கையை மட்டும் நீந்துகிற மாதிரி ஆட்டிக்கொண்டே நடந்தேன். நடுவில் சிலுவையம்மாள் என்கிற பெண் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்வியிருந்தார். என்னைப் பார்த்ததும் அது வாயிலிருந்து நழுவியது.

"இன்னாய்யா இது, மாலையும் கழுத்துமா? எங்கேர்ந்து வர்ற?"

"வயித்துலேர்ந்து."

"குடிச்சிக்கீறியா?"

"இல்லம்மா. பொண்ணுக்குப் பிரசவம். ராயபுரம் போகணும்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. "அந்தாண்ட குழாய் ஓரமா காலு வெக்காத, புதைஞ்சிடும். எம் பின்னாலயே வா" என்று கையைப் பிடித்து அக்கரை சேர்த்தார். ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, எனக்காகச் சண்டை போட்டு ஏற்றியும் விட்டார். ஆட்டோவில் ஏழு பேர் இருந்தார்கள். டோல்கேட் வருவதற்குள் நாற்றம் தாங்காமல் ஆறு பேர் இறங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆஃபியாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு கையை நீட்டினாள். பிடித்தேன்.

"அய்ய, இன்னா அத்தா இவ்ளோ கலீஜா கீற!" என்றாள். வலிக்கு நடுவில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் கதவருகே நின்றேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. குளித்துவிட்டு வந்து, எங்கள் வழக்கப்படி அதன் காதில் நான்தான் பாங்கு சொன்னேன். பெயர் நவ்ரீன்.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீந்திப் போகத்தான் தீர்மானம் அனுமதித்தது, திரும்பி வராமல் இருப்பதற்கு அனுமதிக்கவில்லை என்று தலைவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து டோல்கேட் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். காணவில்லை: மீன்பல்லிக் குட்டி ஒன்று. கீழே படம்.

அதைப் போடுவதற்குக் குழு இரண்டு முறை கூடியதாக ஜெயவேல் சொன்னான். ஹில்டா மேடம் அதற்குள் ராஜினாமா செய்திருந்தார். மற்ற ஆறு பேரில் ஒருவருக்கும் என் முகம் நினைவில்லை. நீண்ட மூக்கு என்றார் ஒருவர். நான்கு துடுப்பு என்றார் இன்னொருவர். தாடிக்கு வாக்கெடுப்பு நடந்து மூன்றுக்கு மூன்று ஆனதால், தலைவர் தமக்குள்ள கூடுதல் வாக்கையும் போட்டு அதை நீக்கினார். நிறம், வழக்கம் போல, சாம்பல்.

நாங்கள் நவ்ரீனுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பிய வழியில் அந்தச் சுவர் இருந்தது. குழந்தை என் கையில். ஆஃபியாவும் அஜீசாவும் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். பசைவாளியோடு நின்ற காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இந்த மாதிரி எதையாச்சும் பாத்தீங்களா பாய்?"

"இந்த மாதிரி எதையும் பார்க்கலைங்க."

"பாத்தா நேர்ல வந்து ஒப்படைக்கணும்."

"சரிங்க."

அவர் அடுத்த சுவருக்குப் போனார். அஜீசா இன்னும் படத்தை விட்டு நகரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள். "நம்ம கல்யாண ஃபோட்டோவுல கூட நீங்க இவ்ளோ லட்சணமா இல்ல."